உதவிப் பக்கத்தில் பிழையா? ஃபோனிலிருந்தே திருத்தலாம் வாங்க!

புதிதாக ஒரு செயலியை ஃபோனில் ஏற்றுகிறீர்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று அதன் உதவிப் பக்கத்தைத் திறந்து, வரிக்கு வரி அதன்படியே செய்துகொண்டு வருகிறீர்கள். நான்காவது படியில், "அமைப்புகளுக்குள் போய் மூன்றாவதாக உள்ள பொத்தானை அழுத்தவும்" என்று இருக்கிறது. உங்கள் திரையில் அப்படியொரு பொத்தானே இல்லை. மேலே தள்ளிப் பார்க்கிறீர்கள், கீழே தள்ளிப் பார்க்கிறீர்கள். பத்து நிமிடம் கழித்து மனசுக்குள் ஒரு வரி ஓடும்: "நமக்குத்தான் இதெல்லாம் வரமாட்டேங்குது."

அப்படி நினைக்காதீங்க. பல நேரம் கோளாறு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். செயலி மாறியிருக்கும், அதை விளக்கும் பக்கம் பழையபடியே நின்றிருக்கும். அந்தச் செயலி திறந்த மூல மென்பொருளாக இருந்தால், பக்கத்தைத் திருத்தும் வாய்ப்பு உங்களுக்கும் உண்டு. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லேப்டாப்கூடத் தேவையில்லை. கையில் இருக்கிற ஃபோன், ஒரு மின்னஞ்சல் முகவரி, அரை மணி நேரம் போதும்.

எதைத் திருத்தப் போகிறோம்?

திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வெளியாகும் மென்பொருள். வீடியோ பார்க்கும் விஎல்சி, இணையம் பார்க்கும் ஃபயர்பாக்ஸ், கடிதம் தட்டச்சு செய்யும் லிப்ரே ஆபீஸ், வரைபடம் காட்டும் ஆர்கானிக் மேப்ஸ் எல்லாம் இந்த வகை. அரசு சேவைகளும் இந்தப் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. மத்திய அரசு தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015-இல் வெளியிட்டது. கொரோனா காலத்தில் நம்மில் பலரும் ஃபோனில் போட்டுக்கொண்ட ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரல் 2020 மே மாதம் பொதுவில் வைக்கப்பட்டது.

இந்த மென்பொருள்களோடு கூடவே விளக்க எழுத்துகளும் வரும். எப்படி நிறுவுவது, எந்தப் பொத்தான் எதற்கு, சிக்கல் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்பவை. தொழில்நுட்பக்காரர்கள் இதை 'ஆவணம்' என்பார்கள். ஆவணம் என்றதும் நமக்குப் பத்திரமும் பட்டாவும்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் இந்தக் கட்டுரையில் 'உதவிப் பக்கம்' என்றே வைத்துக்கொள்வோம். நிரலைப் போலவே இந்த உதவிப் பக்கமும் பொதுவில் இருக்கிறது. அதைத் திருத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான்.

பிழை ஏன் அப்படியே கிடக்கிறது?

ஆயிரம் பேர் படிக்கும் பக்கத்தில் ஒரு தவறு எப்படி வருடக்கணக்கில் தங்குகிறது என்று கேட்கலாம். கிட்ஹப் நிறுவனம் 2017-இல் திறந்த மூல மென்பொருளோடு தொடர்புள்ளவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அரைகுறையான, காலாவதியான உதவிப் பக்கங்களால் சிக்கலைச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர், உதவிப் பக்கத்துக்கு அரிதாகத்தான் பங்களிப்போம் அல்லது பங்களிப்பதே இல்லை என்றார்கள்.

காரணம் சோம்பேறித்தனம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செயலியை உருவாக்கியவருக்கு எல்லாப் பொத்தானும் அத்துப்படி. அவர் உதவிப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. நன்கு பழகிய பயனரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர் புதிதாக வந்தவர் மட்டும்தான். அவருக்குத் தடுக்கி விழுந்த இடம் தெரியும். ஆனால் தடுக்கியது தன் கால்தான், தரை சமமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் அவரும் எப்படியோ தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு அந்தத் தவறு அவர் கண்ணுக்கும் தெரியாது. அடுத்து வருபவர் அதே இடத்தில் விழுவார்.

ஆகவே, நீங்கள் புதியவராக இருக்கும் அந்த முதல் சில நாள்தான் உங்கள் கண்ணுக்கு மதிப்பு அதிகம். "நல்லா கத்துக்கிட்டு அப்புறம் திருத்தலாம்" என்று தள்ளிப்போட்டால், கற்றுக்கொண்ட பிறகு எங்கே தடுக்கியது என்பதே மறந்துபோகும். தடுக்கின அன்றைக்கே குறித்துவையுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட், பக்கத்தின் முகவரி, செயலியின் பதிப்பு எண். மூன்றும் போதும்.

சின்னப் பிழை என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு எழுத்து. ஒரு இடைவெளி. ரேஷன் கார்டில் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து மாறிப்போய் அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 2011-இல் நடந்தது. லினக்ஸ் மடிக்கணினிகளில் என்விடியா கிராஃபிக்ஸை இயக்க உதவும் பம்பிள்பீ என்ற திறந்த மூல மென்பொருள். அதை நிறுவும் கோப்பில், பழைய அடைவு ஒன்றை நீக்கச் சொல்லும் கட்டளை இருந்தது. அந்த அடைவின் நீண்ட முகவரிக்கு நடுவே தவறுதலாக ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு அது ஒரு முகவரியாகத் தெரியவில்லை, இரண்டாகத் தெரிந்தது. முதல் பாதி, லினக்ஸில் நிறுவப்பட்ட மென்பொருள்கள் மொத்தமும் குடியிருக்கும் அடைவு. நம்பி நிறுவியவர்களின் கம்ப்யூட்டரில் அந்த அடைவு முழுவதும் அழிந்தது. திருத்தம் என்ன தெரியுமா? அந்த ஒரு இடைவெளியை எடுத்தது, அவ்வளவுதான்.

அது நிறுவும் கோப்பு, உதவிப் பக்கம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உதவிப் பக்கத்திலும் இதே மாதிரி கட்டளைகளை எழுதி, "இதை அப்படியே நகலெடுத்து ஒட்டவும்" என்று போட்டிருப்பார்கள். படிப்பவர் அப்படியே ஒட்டுவார். அர்த்தம் புரிந்து ஒட்டுபவர் எத்தனை பேர்?

எல்லாப் பிழையும் இப்படி ஆபத்தானது இல்லை. பெரும்பாலானவை சாதாரணம்தான்: வேலை செய்யாத இணைப்பு, பெயர் மாறிப்போன பொத்தான், விட்டுப்போன ஒரு படி, இரண்டு முறை வந்த சொல், பழைய பதிப்பின் படம். இவற்றில் விட்டுப்போன படிதான் மோசம் என்பேன். எழுத்துப் பிழையைப் படிப்பவர் தானே ஊகித்துச் சமாளித்துக்கொள்வார். இல்லாத வரியை எப்படி ஊகிப்பது?

திருத்தும் முன் சரிபாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தப்பு மாதிரி தெரிவதெல்லாம் தப்பு இல்லை.

முதல் உதாரணம் ஃபோனிலேயே இருக்கிறது. தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றின் உதவிப் பக்கம், "அமைப்புகள், பிறகு மொழியும் உள்ளீடும்" என்று வழி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஃபோனில் அமைப்புகளைத் திறந்தால் அந்தப் பெயர் முதல் பக்கத்தில் இல்லை. தவறு என்று உடனே திருத்தி அனுப்பலாமா? பொறுங்க. ஆண்ட்ராய்டு 8 பதிப்பு 2017-இல் வந்தபோது இந்த மெனு 'சிஸ்டம்' என்ற தலைப்புக்குள் போய்விட்டது. ஆனால் அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் ஃபோன்களில் அது பழைய இடத்தில்தான். போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் அமைப்புகள் பக்கத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்குகிறது. சில ஃபோன்களில் இது 'கூடுதல் அமைப்புகள்' என்பதற்குள் கிடக்கும். நீங்கள் உங்கள் ஃபோனைப் பார்த்து "கூடுதல் அமைப்புகள்" என்று மாற்றினால், உங்களுக்குச் சரியாகும், மற்றவர்களுக்குக் கெட்டுப்போகும். இங்கே நல்ல திருத்தம் எதுவென்றால், பழைய வரியை வைத்துக்கொண்டே, "ஆண்ட்ராய்டு 8 முதல் இது சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும், சில ஃபோன்களில் இடம் மாறலாம், அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'மொழி' என்று தேடவும்" என்று ஒரு வரி சேர்ப்பதுதான். வீட்டில் இன்னொரு கம்பெனி ஃபோன் இருந்தால் அதிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு இணைப்பைத் தட்டி அடுத்த தளத்துக்குப் போகும்போது, "நான் இன்ன பக்கத்திலிருந்து வருகிறேன்" என்று உங்கள் பிரவுசர் ஒரு குறிப்பு அனுப்பும். அந்தக் குறிப்பின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கில இலக்கணப்படி அந்தச் சொல்லின் நடுவில் 'ஆர்' எழுத்து இரட்டையாக வர வேண்டும். இணையத்தின் ஆரம்ப நாள்களில் இதை முன்மொழிந்தபோது ஒரு 'ஆர்' விட்டுப்போனது. யாரும் அந்த நேரத்தில் திருத்தவில்லை. 1996-இல் வெளியான அதிகாரப்பூர்வ விதிமுறையிலும் பிழையோடே ஏறிவிட்டது. அதற்குள் உலகம் முழுக்க மென்பொருள்கள் அந்தத் தவறான எழுத்துக்கூட்டலை நம்பி எழுதப்பட்டுவிட்டன. இனி மாற்றினால் எல்லாம் உடையும். அதனால் இன்றைக்கும் உங்கள் ஃபோன் அந்த எழுத்துப் பிழையோடுதான் குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் வந்த ஒரு புதிய குறிப்பில் அதே சொல்லைச் சரியாக எழுதினார்கள். அதனால் இப்போது இரண்டு எழுத்துக்கூட்டலும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. உதவிப் பக்கத்தில் இதைப் பார்க்கும் ஒருவர், "அட, ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்று திருத்தினால், சரியான பக்கம் தவறாகிவிடும். ஆரம்பத்திலேயே யாராவது ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

மூன்றாவது, நம் பள்ளி ஆங்கிலம். நாம் 'கலர்' என்ற சொல்லை 'யூ' எழுத்து சேர்த்து எழுதிப் பழகியவர்கள். அது பிரிட்டிஷ் முறை. பல மென்பொருள்களின் உதவிப் பக்கங்கள் அமெரிக்க முறையில் 'யூ' இல்லாமல் எழுதும். அது பிழை இல்லை. அதிலும் அந்தச் சொல் கட்டளையின் ஒரு பகுதியாக இருந்தால், 'யூ' சேர்த்த மாத்திரத்தில் கட்டளையே வேலை செய்யாது. உதவிப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டிக்குள் வேறு மாதிரி எழுத்துருவில் இருப்பவை கட்டளைகள். நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதி செய்யாத வரை அந்தப் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

சரி, ஃபோனில் எப்படிச் செய்வது?

நிறைய திறந்த மூல மென்பொருள்கள் கிட்ஹப் என்ற தளத்தில் இருக்கின்றன. அதை வைத்தே சொல்கிறேன். முதலில் அங்கே இலவசக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு கேட்டால் தயங்காமல் போட்டுவிடுங்கள். மின்னஞ்சல் அமைப்பில், உங்கள் முகவரியை மறைத்துவைக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை மறக்காமல் இயக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தோடும் உங்கள் மின்னஞ்சல் முகவரி பொதுவில் பதிவாகும்.

இனி உதவிப் பக்கத்துக்கு வாருங்கள். பக்கத்தின் மேலோ அடியிலோ 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இணையதளம் உருவாக்குபவர்கள் படிக்கும் மோசில்லாவின் எம்டிஎன் பக்கங்களில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூலக் கோப்புக்குப் போகவும், தவறைத் தெரிவிக்கவும் இணைப்பு வைத்திருக்கிறார்கள். தட்டினால் நேராகக் கிட்ஹப்பில் அந்தக் கோப்பு திறக்கும். இணைப்பு எதுவும் இல்லாவிட்டால் செயலியின் கிட்ஹப் பக்கத்துக்குப் போய், பிழையான வரியில் நாலு சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேடலாம்.

கோப்பு திறந்ததும் பென்சில் படத்தைத் தேடுங்கள். சின்னத் திரையில் அது மூன்று புள்ளி மெனுவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கிடைக்கவே இல்லையா? பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்வு செய்தால் வெளியே வந்துவிடும். பென்சிலைத் தட்டியதும், "உங்களுக்கு இதை நேரடியாக மாற்ற அனுமதி இல்லை, ஒரு நகல் எடுத்து அதில் மாற்றுங்கள்" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். பயப்படாதீங்க. அந்த நகலுக்குப் பெயர் 'ஃபோர்க்'. அசல் கோப்பு பத்திரமாக அங்கேயே இருக்கிறது. நீங்கள் என்ன செய்தாலும் அது கெடாது. நகலில் திருத்துங்கள்.

கோப்பில் நட்சத்திரக் குறி, கட்டக் குறி எல்லாம் நடுநடுவே இருக்கும். அது 'மார்க்டவுன்' என்ற எழுதும் முறை. கட்டக் குறி தலைப்புக்கு, நட்சத்திரம் தடித்த எழுத்துக்கு. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

இங்கேதான் ஃபோன் நம்மைக் காலை வாரிவிடும். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தம், நீங்கள் கேட்காமலே பக்கத்துச் சொல்லை மாற்றிவைக்கும். ஐபோனில் இன்னொரு தொல்லை: இரண்டு சிறு கோடுகளைத் தட்டினால் அது ஒரே நீண்ட கோடாக மாறிவிடும், நேரான மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாகிவிடும். படிக்க அழகாகத்தான் இருக்கும். கட்டளைக்குள் அது விழுந்தால் கட்டளை செத்தது. ஆகவே ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று போய் 'ஸ்மார்ட் பங்க்சுவேஷன்' என்பதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் தானியங்கித் திருத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள்.

திருத்தி முடித்ததும் மாற்றங்களைக் காட்டும் பகுதியைப் பாருங்கள். பழைய வரி சிவப்பில், புதிய வரி பச்சையில் தெரியும். நீங்கள் மாற்றியது ஒரு சொல் என்றால், ஒரு சிவப்பு வரியும் ஒரு பச்சை வரியும்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏதாவது நிறம் தெரிந்தால், உங்கள் விசைப்பலகை வேலையைக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

பிறகு 'கமிட் சேஞ்சஸ்', அடுத்து 'புரொப்போஸ் சேஞ்சஸ்', கடைசியாக 'கிரியேட் புல் ரிக்வெஸ்ட்' என்று மூன்று பொத்தான்கள் வரிசையாக வரும். 'புல் ரிக்வெஸ்ட்' என்பது வேறொன்றும் இல்லை, "என் நகலில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன், சரியென்றால் அசலில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று போடும் மனு. மூன்றாவது பொத்தானை அழுத்தும் வரை அந்த மனு போய்ச் சேராது. நிறையப் பேர் இரண்டாவதோடு நிறுத்திவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள்.

மனு என்றதும் இன்னொன்று. அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். "மிஸ்டேக் சரி செய்தேன்" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் எது, ஏன் என்று தானே தேட வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எளிய வரிகள் போதும். இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தப் பொருளில் எழுதலாம்: "நிறுவும் பக்கத்தின் நான்காவது படியில் சொல்லும் பொத்தான் இப்போதைய பதிப்பில் வேறு பெயரில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13 ஓடும் இரண்டு ஃபோன்களில் பார்த்தேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்." என்ன தவறு, எப்படி உறுதி செய்தீர்கள், என்ன மாற்றினீர்கள். பெயர்த் திருத்த விண்ணப்பத்தோடு ஆதாரம் இணைப்பது மாதிரிதான்.

ஒரு மனுவில் ஒரு விஷயம். எழுத்துப் பிழையோடு சேர்த்து, உங்களுக்குப் பிடிக்காத வாக்கியங்களையும் மாற்றி எழுதி அனுப்பினால், எழுத்துப் பிழைத் திருத்தமும் சேர்ந்து தேங்கிவிடும்.

சில மென்பொருள்களில் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அனுப்பும் முன் அதை ஒரு முறை படித்துவிடுங்கள். சிலர் உறுதிமொழி வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். சிலர் கிட்ஹப்பிலேயே இருக்க மாட்டார்கள்: எஃப்-டிராய்டு கிட்லேபில் இருக்கிறது, லிப்ரே ஆபீஸ் பிழைகளைப் பக்ஸில்லாவில் பதியச் சொல்கிறது, லினக்ஸ் கெர்னல்காரர்கள் இன்னும் மின்னஞ்சலில்தான் திருத்தம் வாங்குகிறார்கள். திருத்தத் தைரியம் இல்லையென்றால் 'இஷ்யூ' என்ற பகுதியில் பிழையைத் தெரிவித்துவிட்டு விட்டுவிடலாம். அதுவும் பங்களிப்புதான். ஆனால் அதே பிழையை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

இஷ்யூவோடு ஸ்கிரீன்ஷாட் இணைப்பவர்கள் கவனிக்க: மேலே வந்து நிற்கும் ஓடிபி செய்தி, ஃபோன் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எதுவும் படத்தில் இல்லாதபடி வெட்டிவிடுங்கள். இவை உலகமே பார்க்கும் பக்கங்கள். பிறகு நீக்கினாலும் யாராவது அதற்குள் பார்த்திருப்பார்கள்.

அனுப்பியாச்சு, அப்புறம்?

காத்திருக்க வேண்டியதுதான். சில நேரம் ஒரு மணி நேரத்தில் 'மெர்ஜ்டு' என்று ஊதா நிறத்தில் வந்துவிடும். சில நேரம் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. மறுபக்கத்தில் இருப்பவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இதைக் கவனிப்பவர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம். "இதை இப்படி மாற்ற முடியுமா?" என்று கேள்வி வந்தால், அது குற்றம் சொல்வது இல்லை, படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேண்டாம் என்று மூடிவிட்டால் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். எப்போதும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஏற்றுக்கொண்ட பிறகும் உதவிப் பக்கத்தில் மாற்றம் உடனே தெரியாமல் போகலாம். சில தளங்கள் அடுத்த பதிப்பு வெளியாகும்போதுதான் பக்கங்களைப் புதுப்பிக்கின்றன. செயலிக்குள்ளேயே இருக்கும் உதவி என்றால், புதிய பதிப்பை ஃபோனில் ஏற்றிய பிறகுதான் தெரியும்.

உங்கள் பெயர் எங்கேயாவது வருமா என்றால், வரும். கர்ல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து தகவல் கொண்டுவரும் வேலையை ஃபோன், டிவி, கார் என்று எண்ணற்ற கருவிகளுக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் செய்வது அது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1998-இல் அந்தப் பெயரில் வெளியிட்டார். அதன் நன்றிப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. பெரிய நிரல் எழுதியவர், உதவிப் பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்தியவர் என்று பிரிக்காமல், எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்

பெயர் வரும் என்று சொன்னதாலேயே இதையும் சொல்லியாக வேண்டும். அக்டோபர் மாதம் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு என்று 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்றொரு நிகழ்ச்சி பல வருடமாக நடந்துவந்தது. 2020-இல் நம் நாட்டிலிருந்து வெளியான ஒரு யூடியூப் பாடத்தைப் பார்த்த கூட்டம், எங்கெங்கோ உள்ள மென்பொருள்களின் முகப்புக் கோப்பில் "அருமையான புராஜெக்ட்" என்று ஒரு வரி சேர்த்துச் சேர்த்து அனுப்பியது. படித்துப் படித்து மூடியே பராமரிப்பாளர்கள் களைத்துப்போனார்கள். கடைசியில், விருப்பம் தெரிவிக்கும் மென்பொருள்களில் மட்டும்தான் கணக்கு என்று அந்த மாதமே விதியை மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற பிரபல மென்பொருளுக்கும் இதே கதி. வேறொரு பாடத்தைப் பார்த்தவர்கள், அதன் முகப்புக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள்.

கிட்ஹப்பில் பழகிப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் கணக்கிலேயே ஒரு வெற்றுக் கோப்பு திறந்து ஆயிரம் முறை திருத்திப் பழகலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்தவர் கோப்புக்குப் போகும்போது, அங்கே உண்மையிலேயே ஒரு பிழை இருக்க வேண்டும். நம்மூர்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு பராமரிப்பாளர் "இன்னொன்றா" என்று பெருமூச்சு விடும் நிலை, ஒழுங்காகத் திருத்தி அனுப்பும் கல்லூரி மாணவரையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது.

தமிழ்ப் பக்கங்களில் நம்மை விட்டால் ஆளில்லை

ஆங்கிலப் பக்கத்தின் பிழையை உலகத்தில் யாராவது ஒருவர் என்றாவது பார்த்துவிடுவார். தமிழ்ப் பக்கத்தின் பிழையை நாம்தான் பார்க்க வேண்டும். நீங்களே கவனித்திருப்பீர்கள்: முகப்புப் பக்கம் என்ற இடத்தில் 'வீடு' என்று இருக்கும். வலப்பக்கம் என்று வர வேண்டிய இடத்தில் 'சரி' என்று இருக்கும். நினைவகத்தில் காலியிடம் என்று சொல்ல 'இலவச இடம்' என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இயந்திரமோ, திரையைப் பார்க்காமல் மொழிபெயர்த்தவரோ வேறு அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். முதல் முறை ஃபோன் பிடிக்கும் நம் அம்மா, பாட்டி இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள்? மொழியை ஆங்கிலத்துக்கே மாற்றித் தரச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

இந்தச் சொற்களைத் திருத்தும் இடம் பெரும்பாலும் கிட்ஹப் இல்லை. மொழிபெயர்ப்புக்கென்றே தனித் தளங்கள் இருக்கின்றன. ஃபயர்பாக்ஸுக்குப் பொன்டூன், எஃப்-டிராய்டுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் வெப்லேட், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்கு டிரான்ஸ்லேட்விக்கி. ஃபோன் பிரவுசரிலேயே திறக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், பக்கத்தில் தமிழ்ச் சொல், கீழே உங்கள் பரிந்துரைக்கு ஒரு பெட்டி. கோப்பு, ஃபோர்க் எந்தக் கவலையும் கிடையாது. ஆரம்பிக்க இதுதான் இருப்பதிலேயே எளிய வழி என்று சொல்வேன். நீங்கள் தருவதை மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பார்த்து ஏற்பார். ஒற்று மிகுமா மிகாதா என்று அங்கே ஒரு சின்னச் சண்டையும் நடக்கலாம், அதற்கும் தயாராகப் போங்கள்!

மாற்றும் முன் அந்தச் சொல் திரையில் எங்கே வருகிறது என்று செயலியைத் திறந்து பாருங்கள். பொத்தானில் வருவது என்றால் 'சேமி' போதும். விளக்கத்தில் வருவது என்றால் 'சேமிக்கவும்' பொருந்தலாம். அதே செயலியில் மற்ற இடங்களில் என்ன சொல் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் 'கோப்புறை', இன்னொரு பக்கத்தில் 'அடைவு' என்று இருந்தால், இரண்டும் நல்ல தமிழ்தான், ஆனால் படிப்பவர் இரண்டும் வேறு வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆள் உண்டு. சென்னையில் 1998 முதல் இந்திய லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. 2012 முதல் வெளிவரும் கணியம் இணைய இதழில் கிட், லினக்ஸ் பற்றியெல்லாம் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், உங்களைத் தடுக்கிவிட்ட அந்த உதவிப் பக்கத்தை ஃபோனில் திறந்துவைத்துக்கொண்டே போங்க. அங்கே உட்கார்ந்தே அனுப்பிவிட்டு வரலாம்.